மெட்டு கேட்ட நாலாவது ஆள்

சேசு மரி சூசை துணை

காரிமங்கலம்
12-3-84

அன்பு மகள் ரோசம்மாளுக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் நானும் அம்மாவும் சுகம், ஜபல்பூர் குளிரில் பிடித்த சளி உனக்கு விட்டதா என்று எழுது. நான் பாட்டுப் பாடி ஒருத்தியை மயக்கம்போட வைத்துவிட்டதாக அம்மா கார்டு போட்டிருப்பாள். அது உண்மைதான், ஆனால் பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்ததைப் பாட்டாகக் கட்டி, சந்தையில் பாடி விற்க வழக்கம்போலப் புத்தகம் போட்டேன். எனக்கு முதலில் மெட்டுதான் வரும், சொல் அதன் பின்னால் ஓடும், உனக்குத் தெரியாததா. செத்தவர்கள் மூன்று பேர், அடிக்கு ஒருவராக மூன்று அடி ஆயிற்று, மெட்டோ நாலாவது அடியிலும் ஒரு சாவு கேட்டது. அந்த லாரியின் கிளீனர் மாதப்பன் சேலம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், தேறமாட்டான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள், அதை நம்பி அவனையும் சாகடித்துவிட்டேன். சந்தையில் கஞ்சிரா தட்டி அந்த அடியைப் பாடியதும், தக்காளிக் கூடையோடு நின்ற ஒரு பெண் அப்படியே சரிந்தாள். மாதப்பன் பெண்சாதி நஞ்சம்மாள்! இரண்டு நாள் முன்புதான் அவனைப் பார்த்துவிட்டு வந்தவள், அதற்குள் போய்விட்டான் என்று நினைத்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பி நானே அவளை பஸ்ஸில் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். தொப்பூர் இறக்கத்தில், "யாருங்கண்ணா உங்களுக்குச் சொன்னாங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மெட்டு சொன்னது என்று எப்படிச் சொல்வேன்? வழிநெடுக எனக்குள் ஒரு மெட்டும் எழவில்லை, அப்படி என்றைக்குமே ஆனதில்லை.

வார்டில் மாதப்பன் காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான், பாடச் சொன்னான், பாடினேன், நாலாவது அடி வந்ததும் நிறுத்திவிட்டேன். "மெட்டு ஜோரா இருக்குதுங்க, என்னை மட்டும் பொழைக்க வெச்சுருங்க" என்றான். நஞ்சம்மாள் ஒன்றுதான் சொன்னாள், "இனிமே விசாரிச்சுட்டு எழுதுங்கண்ணா."

வீட்டுக்கு வந்து மிச்சப் புத்தகம் அத்தனையிலும் அந்த அடியைப் பேனாவால் அடித்து, மாதப்பன் பிழைத்தான் என்று எழுதினேன். மெட்டு அந்த இடத்தில் இடறுகிறது. முப்பது வருஷமாக மெட்டுக்காகச் சொல்லை வெட்டியவன், இந்தத் தடவை இடறட்டும் என்று விட்டுவிட்டேன். போன சந்தையில் அந்த அடி வந்ததும் கஞ்சிராவை நிறுத்திவிட்டுப் பேச்சாகவே சொன்னேன். நஞ்சம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுதும் கேட்டாள்.

தபசு கால நோன்பு என்று டூட்டியில் பட்டினி கிடக்காதே. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இத்துடன் ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன். நீ பாடிப் பார்ப்பாய், நாலாவது அடி தட்டும். சரிசெய்துவிடாதே.

உன் அப்பா,
செபாஸ்டின்