கதவு மாட்ட இரண்டு பேர் போதும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி இப்போது தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

இங்கே ஒரு சின்ன மாற்றம், பயப்பட ஒன்றுமில்லை. இறக்குமதிக் கார்கள் நம் கம்பெனிக் காரைவிட மலிவாக விற்கின்றன, நம்மிடம் ஆள்கூலிதான் அதிகம் என்று போன மாதம் மேனேஜர் சொன்னார். மறுநாளே ஒருவர் கையில் கடிகாரத்தோடு வந்து, கதவு மாட்டும் எங்கள் மூன்று பேர் பக்கத்தில் நின்றார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் மூச்சு விடாமல் மாட்டினேன். "அடேயப்பா, கை பறக்குதே!" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை, அந்த இடத்துக்கு இரண்டு பேர் போதும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வெளியே போனவர் எங்கள் மூன்று பேரில் ஒருவர், என் அறைத்தோழர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாரே, அவர்தான். பெட்டி கட்டும்போது, "உன்மேல கோபமில்லப்பா. அன்னைக்குக் கொஞ்சம் மெதுவா செஞ்சிருக்கலாம், அவ்வளவுதான்" என்றார். அவர் பெட்டியை நான்தான் பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

கடிகாரக்காரர் அடுத்த வாரம் மறுபடி வருகிறாராம். மெதுவாக மாட்டினால் நான் போவேன். வேகமாக மாட்டினால் மிச்சமிருக்கிற இன்னொருவர் போவார்.

தோளுக்குத் தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். தங்கச்சியை நாலு பக்கமாவது எழுதச் சொல்லுங்கள், எதைப் பற்றியாவது. அறையில் பேச ஆளில்லை. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். நான் என்ன செய்யட்டும் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள் அப்பா.

உங்கள் மகன்