கீழே போடும் துளை

நவம்பர் 3, திங்கள்

புது மேனேஜர் வந்து இறங்கிவிட்டார். அண்ணாதுரை, சென்னைக்காரர். அடிவாரத்திலேயே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கும்போது வேர்த்து வழிந்தது. முதலாளி தேவசிகாமணி சார் மாலை போடாத குறைதான். தலைமை டிசைனர் வேலை உனக்குத்தான் என்று போன கிறிஸ்துமஸுக்கு என்னிடம் சொன்ன அதே வாய் இப்போது, "அவரு பாத்துச் சொல்லட்டும்மா" என்கிறது.

பார்க்கட்டும். நாங்கள் செய்யும், காபிப் பழத்தின் தோல் உரிக்கும் மெஷினை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லையாம்.

நவம்பர் 5

இன்று கம்ப்யூட்டரில் என் மெஷின் மாடலைத் திறந்தார். திரையின் இடது ஓரத்தில் ஃபீச்சர் வரிசை. எந்தத் தகட்டை முதலில் வரைந்தேன், எங்கே வெட்டினேன், எதைத் துளைத்தேன், எல்லாம் அதில் இருக்கும். அவர் கொண்டுவந்த மாடலையும் பார்த்தேன் — கட் 1, கட் 2 என்று கட் 46 வரைக்கும். பெற்ற பிள்ளைகளையும் நம்பர் போட்டுத்தான் கூப்பிடுவாரோ என்னவோ. நான் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன். பழம் விழும் வாய். தோல் போகும் வழி. கீழே போடும் துளை.

அதில்தான் பிடித்துக்கொண்டார். "துளை மேல் சட்டத்துல இருக்கு. பேரு மட்டும் கீழே போடும் துளையா? ஏங்க, உங்களுக்கு மேல கீழ தெரியாதா?"

முதலாளி திரையைப் பார்க்காமலேயே சிரித்தார்.

கீழே என்றால் சேலம். ஏற்காட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கீழே போனார், கீழே வாங்கினேன், கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மெஷினின் சட்டத்தை இங்கே எங்கள் ஷெட்டில் வெல்டிங் செய்கிறோம். பேரிங் உட்காரும் துளையைக் கீழே, சேலம் பட்டறையில் போடுகிறோம். ஷெட்டுக்குப் போகும் படத்தில் அது தெரியக் கூடாது என்றுதான் சப்ரஸ் செய்து, அதாவது அழிக்காமல் அணைத்து வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 6

மேல கீழ தெரியாதாம் எனக்கு. எனக்கு! போய்யா.

நவம்பர் 10

அந்த மேதை இன்று, அணைத்து வைத்திருந்த என் துளையை எழுப்பிவிட்டார். கொண்டுபோய் அடித்தகட்டில் வைத்தார். "இதுதான் பேருக்கு ஏத்த இடம்." அதோடு விட்டாரா? "எல்லாத் துளையும் ஷெட்லயே போட்டுடலாம். எதுக்குச் சட்டத்தைச் சேலம் வரைக்கும் தூக்கணும்?"

அடித்தகட்டில் தண்ணீர் நிற்க வேண்டும். அங்கே துளை! பேரிங் எங்கே உட்காரும், இவர் தலையிலா?

"சரிதானே ஷீனா?"

சிரித்தேன். "நீங்க சொன்னாச் சரிங்க சார்" என்றேன். படட்டும்.

நவம்பர் 17

முதல் மெஷின் காளியாயி அக்காவுக்காம். சேர்வராயன் கோயில் போகும் வழியில் அவள் காபித் தோட்டம். இத்தனை வருடம் பழத்தை அப்படியே வியாபாரிக்குக் கொடுத்தவள், இந்த வருடம் தானே உரித்துக் காயவைக்கப் போகிறாள். வியாபாரியை இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாளாம்.

சொல்லிவிடலாமா? — சொன்னால் திருத்திவிட்டு, தானே கண்டுபிடித்த மாதிரி நிற்பார். முதலாளி முன்னால் அந்த முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டும். தோட்டத்தில் பேரிங்கை மாட்டும்போது தெரியத்தானே போகிறது. ஒரு நாள் தாமதம். அவ்வளவுதானே?

நவம்பர் 21, வெள்ளி

அவ்வளவுதான் இல்லை.

மெஷின் வருகிறதென்று அக்கா நேற்றிலிருந்தே ஆள் வைத்து முதல் பறிப்பு முழுவதையும் பறித்துக் குவித்திருந்தாள். பறித்த பழத்தை உடனே உரிக்க வேண்டும். பேரிங்கைத் தூக்கி மேல் சட்டத்தில் வைத்தால் துளை இல்லை. ஊற்றிய தண்ணீரெல்லாம் அடித்தகட்டு வழியாக எங்கள் காலில் ஓடியது. முதலாளி கத்தினார். அண்ணாதுரையின் முகம் நான் ஆசைப்பட்ட மாதிரியேதான் போனது.

அக்கா என்னைத்தான் பார்த்தாள். "ஏங்கண்ணு, பழத்தைப் பூராப் பறிச்சுப் போட்டுட்டனே. நாளைக்கு நொம்பப் புளிச்சுப் போயிருமே. மெசினு ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா செடியிலயே உட்டிருப்பனே."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. சும்மாதான் சொன்னாள். வர வேண்டாம் என்று சொன்ன அதே வியாபாரியைப் போனில் அவளே கூப்பிட்டாள். "வாங்க சாமி, வந்து எடுத்துக்கங்க" என்றாள்.

திரும்பும்போது ஜீப்பில் அண்ணாதுரை மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு நீங்க சிரிச்சீங்களே ஷீனா, ஏன்?"

"கீழேன்னா சேலங்க சார்."

"ஓ" என்றார். ஒண்டிக்கடை வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

நவம்பர் 22

பெயர் வைத்தது இவள்தான் என்று என் தலையில் கட்டுவார் என்று தயாராக இருந்தேன். முதலாளியிடம், "நான்தான் மாத்தினேன் சார். அவங்களுக்குத் தெரியாது" என்றார்.

தெரியாது! பச்சைப் பொய். யார் கேட்டார்கள் இவரிடம்?

நவம்பர் 26

சட்டத்தைக் கீழே கொண்டுபோய், பக்கத்திலேயே நின்று துளை போட்டு, அடித்தகட்டை மாற்றி எடுத்துவந்தேன். இரண்டாம் பறிப்புக்கு மெஷின் ஓடியது. "நல்லா உரிக்குது கண்ணு" என்றாள் அக்கா. ஊட்டுக்குள் கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

டிசம்பர் 1

தலைமை டிசைனர் நான். கேக் வெட்டினார்கள். அண்ணாதுரையைச் சேலம் பட்டறையைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார்கள். ஸ்வெட்டரை நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார், மடையன். மடித்து என் மேசையில் வைத்தேன்.

சாயங்காலம் போனில் அவரிடமிருந்து ஒரு வரி. "கீழே வந்து சேர்ந்துட்டேன்."

சேலம் என்று எழுதவில்லை.