பூட்ஸ் லேஸ் கட்டிய கவுன்

இன்று காலை ஆவடி மார்க்கெட்டில் பூட்ஸ் லேஸ் வாங்கினேன். சிப்பாய்கள் போடுகிற உயரமான பூட்ஸுக்கான நீளக் கறுப்பு லேஸ். "ஊட்டுக்காரரு மிலிட்டரியா மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பழைய காலத்து ஐரோப்பிய கவுனை முதுகில் இழுத்துக் கட்டுவதற்கு என்று சொன்னால் அவர் என்னை எப்படிப் பார்த்திருப்பார்! நீ இருந்திருந்தால் கடை வாசலிலேயே சிரித்து என் மானத்தை வாங்கியிருப்பாய்.

திருவேற்காட்டு ஃபிளாட்டுக்கு நான் குடிவந்த புதிதில், எதிர்வீடான உன் வீட்டுச் சோபா முழுக்க வெல்வெட் துணி கிடந்தது. நாளெல்லாம் ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்து, கோட்டைகளில் வாழ்ந்த சீமாட்டிகளின் உடுப்பைத் தைக்கிற ஒருத்தியை நான் அதுவரை கண்டதில்லை. உனக்குப் பச்சை, எனக்கு அரக்கு. ஃபிளாட் ஆண்டு விழாவுக்கு எல்லோரும் பட்டுப்புடவையில் வர, நாம் இருவர் மட்டும் வேர்த்து வழிந்துகொண்டு கவுன் விளிம்பால் தரையைக் கூட்டி நடந்தோம்.

ஜிப் வைத்துவிடலாமே என்றேன். "அந்தக் காலத்துல ஜிப்பு ஏதுடி?" என்று முறைத்தாய். லேஸ் கோக்கிற துளைகளுக்குக் கையாலேயே காஜா எடுத்தாய். முதல் விழாவன்று நீ இழுத்த இழுப்பில் என் முதுகுத் துளைகள் வரிசையாகப் பிய்ந்தன. விழா முடியும்வரை போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் துளைகளுக்கு வளையம் அடிக்க, இரண்டு கவுனையும் எடுத்துக்கொண்டு பூந்தமல்லியில் அந்தத் தார்ப்பாய்க் கடைக்குப் போனோம். லாரித் தார்ப்பாய்க்குப் பித்தளை வளையம் அடிக்கிறவர் அரக்கு வெல்வெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, எந்த வண்டிக்கு?" நீ என்னைக் கைகாட்டினாய். "தோ, இந்த வண்டிக்குத்தான் அண்ணாத்தே." அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை, தெரியுமா?

அந்தக் காலத்தில் லேஸைப் பக்கவாட்டிலும் வைத்திருக்கிறார்கள் என்று நீயேதான் படித்துச் சொன்னாய். பிறகு ஏன் முதுகில் வைத்தாய் என்று கேட்டேன். "சைடுல வெச்சா நீயே கட்டிக்கினு பூடுவ. பின்னாடின்னா என் ஊட்டுக்கு வந்துதான ஆவணும்." அப்படித்தான் வருடா வருடம் வந்தேன். "மூச்ச உள்ள இழுடி" என்பாய். நான் உனக்குக் கட்டிவிடுவேன், நீ எனக்கு.

நோய் வந்து மெலிந்த வருடமும் நீ கவுனை விடவில்லை. நான் பயந்து பயந்து இழுத்தேன். "இழுடி, ஒடஞ்சிட மாட்டேன்" என்றாய். கடைசியில் துணியின் இரண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. என் முகத்தை நீ பார்க்க முடியாதது நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு, கொஞ்சம் சரிசெய்து தருகிறேன் என்று என் கவுனை வாங்கி வைத்துக்கொண்டாய். நான் பருத்துவிட்டதால் பெரிதாக்குகிறாய் என்று நினைத்தேன். நீ போன பிறகு உன் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். முதுகைத் தைத்து மூடியிருந்தாய். இடது கைக்குக் கீழே, பக்கவாட்டில், புதுத் துளைகள். கடைக்குப் போகத் தெம்பில்லாமல் எல்லாம் கையால் எடுத்த காஜா. இழுத்துப் பார்த்தேன், இந்த முறை பிய்யவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. இனி நானே கட்டிக்கொள்ள வேண்டும் என்று என்னைக் கேட்காமலே முடிவெடுக்க நீ யார்? அதை அப்படியே பீரோவில் போட்டுப் பூட்டினேன். போன வருட விழாவுக்கும் போகவில்லை.

நேற்று உன் மகள் பச்சைக் கவுனோடு வந்து நின்றாள். "பெரிம்மா, லேஸ் பிஞ்சி போச்சு. வேற வாங்கணும். நாளைக்கு ஃபங்ஷனுக்கு இதப் போடப் போறேன்." திருப்பிப் பார்த்தேன். முதுகில் அதே பித்தளை வளையங்கள்.

"இத மட்டும் ஏன் சைடுக்கு மாத்தல உங்கம்மா?"

"நானும் கேட்டேன். 'அதக் கட்டிவுட பெரிம்மா கீறா, நீ அங்க போ'ன்னு சொல்லிடுச்சு."

இன்று சாயங்காலம் என் கவுனை நானே கட்டிக்கொண்டேன். பிறகு அவளைத் திருப்பி நிறுத்தி, புது லேஸைக் கோத்து, நுனிகளைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். நான் தென்காசிக்காரி. இத்தனை வருடத்தில் உன் பேச்சு என் நாக்கில் ஒட்டியதே இல்லை.

"மூச்ச உள்ள இழுடி," என்றேன். "ஒடஞ்சிட மாட்ட."