ஒரு விரலும் குறையாமல்

ஆம்பூர்,
நவம்பர் 9, ஞாயிறு மதியம்.

அன்புள்ள மகன் தமிழ்வேந்தனுக்கு அம்மா சவுரியம்மாள் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அப்பாவும் நானும் தங்கச்சி ஜாஸ்மினும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த ஆக்லாந்தில் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் டியூட்டி இருக்கிறது, சிக்னல் இல்லை என்கிறாய். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது, மடித்து வைத்தாலும் மீதியைச் சொல்லக் காத்துக்கொண்டுதான் இருக்கும். இங்கே நல்ல மழை, பின்பக்கத்து ஷீட் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை ஜாஸ்திதான், சொன்னால் கேட்பதில்லை, டீக்கடையில் போய்க் குடித்துவிட்டு வந்து என்னிடம் வாயை ஊதிக் காட்டுகிறார். கணியம்பாடி சித்தி கேழ்வரகு கொடுத்தனுப்பினாள், வேந்தனுக்குப் பெண் பார்க்கட்டுமா என்று கேட்டாள், அவன் இப்போது பெரிய பாட்டுக்காரன், என்னைக் கேட்காதே, அவன் சேனலில் கேள் என்று சொல்லிவிட்டேன்.

உன் பாட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் பாராட்டிவிடுகிறேன், பிறகு எழுத மனசு வராது. இத்தனை வருஷமாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள் நான், நல்ல பாட்டென்றால் பிள்ளைகள் வாய் தானாகத் திறக்கும், மற்றதற்கு நான் மேசையைத் தட்ட வேண்டும். இப்போது வருகிறவற்றில் பாதிப் பாட்டு உம்மை உம்மை என்று ஆரம்பித்து உம்மை உம்மை என்றே முடிகிறது, நடுவில் டிரம்ஸ் அடிக்கிறவன்தான் முழு ஊழியமும் செய்கிறான். உன் பாட்டு அப்படி இல்லை. ‘கூடாரம் நனைந்தது, உள்ளே நாங்கள் நனையவில்லை’ என்று சரணம் எடுத்தாய் பார், அந்த ஒரு வரியில் மழையும் வந்துவிட்டது, வீடும் வந்துவிட்டது, பெயரைச் சொல்லாமலே ஆண்டவரும் வந்துவிட்டார். ‘கடல் பிளந்தது பெரிதா, என் கால் நடுங்கியபோது திரும்பிப் பார்த்தீர்’ என்கிற இடத்தில், வேறு ஒருவனாக இருந்தால் ‘பார்த்தீர்’ என்பதைப் பிடித்து இழுத்து அழுதிருப்பான். நீ சட்டென்று நிறுத்தி, ஒரு மூச்சு விடுகிற நேரம் எல்லா வாத்தியத்தையும் சும்மா இருக்கவிட்டாய். அந்தச் சும்மா இருக்கிற இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் ராகத்தில் உட்கார்கிறது, பேசுகிற மாதிரியே பாடலாம், ரொம்ப மேலேயும் போகவில்லை, தொண்டை போன என்னாலும் கடைசிவரை பாட முடிகிறது. இவ்வளவு சுத்தமாகச் செய்த பாட்டை நான் சமீபத்தில் கேட்கவில்லை. என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கை வந்திருக்கிறதே என்று பெருமைப்பட்டேன், அதுவும் உண்மைதான். பல்லவியை மட்டும் இன்னும் சொல்லவில்லை. ‘ஒரு விரலும் குறையாமல் கரை சேர்த்தவரே.’

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், அன்றைக்கு நீ முழுசாகக் கேட்கவில்லை. ஈஸ்டர் கழிந்த வாரம். ஜாஸ்மின் வேலை செய்கிற ஷூ கம்பெனியில், தோலின்மேல் அச்சு வைத்து அழுத்தி வெட்டுகிற அந்த மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மேலே இருக்கிற இரும்புத் தலை இறங்க வேண்டும், அப்படி இருந்தால் கை உள்ளே மாட்டாது. ஆர்டர் அவசரம், பீஸ் கம்மியாக வருகிறது என்று கம்பெனியில் ஒரு பட்டனை அழுத்தினபடியே டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஜாஸ்மினுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கூட வேலை செய்கிற பெண்கள் அந்த விரல்களைக் கர்ச்சீப்பில் சுற்றி, ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, ஆட்டோவில் பின்னாலேயே கொண்டு வந்தார்கள். டாக்டர் பிரித்துப் பார்த்து, நசுங்கிவிட்டது, ஒட்டாது என்றார். அந்தக் கர்ச்சீப்பை என்ன செய்வது, வீட்டுக்குக் கொண்டு போகிறீர்களா என்று நர்ஸ் என்னிடம் கேட்டாள். நீயும் நர்ஸ்தானே, பாகாயத்து நர்சிங் காலேஜில் படிக்கும்போது அப்படிக் கேட்கச் சொல்லித்தான் கொடுத்தார்களா என்று எனக்குச் சொல். அன்று சாயந்தரம் நீ ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய், ஜெபிக்கிறேன் என்று. உன் பின்னால் யாரோ சிரித்துக்கொண்டு இருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் கையைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. சபையில் கீபோர்டு வாசித்த பெண் அவள். நீ பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது வாயால் முனகிய ராகத்தையெல்லாம் உட்கார்ந்து வாசித்துக் காட்டியவள்.

ஆகஸ்டில் உன் பாட்டு வெளியே வந்ததும் அப்பா போனை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினார். பக்கத்து வீட்டு சமீருல்லாவைக் கூடக் கூப்பிட்டு உட்கார வைத்தார், மைக் செட் வைத்திருக்கிறவன், அவனுக்கு நல்லது கெட்டது தெரியும் என்று. ஜாஸ்மின் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டு இருந்தாள், இடது கையால் பழகிக்கொண்டு இருக்கிறாள். அந்த வரி வந்தது. அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. சமீருல்லா மட்டும் அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, வேலை இருக்குது வர்றேன் என்று எழுந்து போய்விட்டான். அப்பா திரும்பவும் முதலிலிருந்து போட்டார்.

அந்த வாரமே அவள் உனக்குப் போன் பண்ணினாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், உனக்கு அது தெரியாது. ‘ஏன் ணா விரல்னு போட்டே?’ என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். நீ கொஞ்சமாவது திணறுவாய் என்று நான் எதிர்பார்த்தேன். ‘தலைமுடின்னு போட்டுப் பாத்தேன், இழுக்குது. உயிருன்னா எல்லாரும் எழுதறதுதான். விரல்னு வந்தப்புறம்தான் பாட்டு உக்காந்துச்சு’ என்றாய். அதோடு விட்டிருக்கலாம். ‘உனுக்கு அடிபட்ட சேதி கேட்டப்போதான் ஜாஸ் அந்த வார்த்தையே எனக்கு வந்துச்சு, அதுக்கு உனுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்’ என்றும் சொன்னாய். மறந்து எழுதிவிட்டான் பிள்ளை, அவசரத்தில் தோன்றவில்லை என்று அதுவரை நான் எனக்கே சொல்லிக்கொண்டு இருந்தேன். நீ மறக்கவில்லை. எடுத்து, துடைத்து, அளவு பார்த்து வைத்திருக்கிறாய். அவள், ‘கரெக்டா உக்காருது ணா’ என்று சொல்லி போனை வைத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘பாட்டு நல்லா இல்லாம இருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன்மா. நல்லா இருக்குதே, இன்னா பண்றது’ என்றாள்.

அப்புறம் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆயரம்மா வீட்டுக்கே வந்து, இந்த வருஷம் வேந்தன் பாட்டுதான் விசேஷப் பாட்டு, ஜாஸ்மின்தான் முன்னால் நின்று பாட வேண்டும் என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். அப்பா, ‘அண்ணன் பாட்ட தங்கச்சி பாடாம வேற யாரு பாடுவா, இன்னாத்துக்கு பேஜார் பண்றே’ என்று என்மேல் பாய்ந்தார். ஜாஸ்மின், பாடுகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். எனக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான். வாலிபர் குழு அந்தப் பாட்டுக்கு ஆக்ஷன் வைத்திருந்தார்கள். ‘ஒரு விரலும் குறையாமல்’ என்று வரும்போது எல்லாரும் இரண்டு கையையும் தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்ட வேண்டும். சபை முழுக்க ஒத்திகை பார்த்திருந்தது. ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார், அவ்வளவு பேரில் ஒருத்தருக்கும்.

அன்றைக்கு ஊதாப் புடவை கட்டிக்கொண்டு போனாள். இடது கையில் மைக், வலது கை முந்தானைக்குள். மைக் செட் சமீருல்லாவுடையதுதான், ஓரமாக மிக்சர் முன்னால் உட்கார்ந்து இருந்தான். முதல் தடவை பல்லவி பாடும்போது கோயில் நிறையப் பத்துப் பத்து விரல்கள் எழும்பின, வயலில் நாற்று நின்ற மாதிரி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பாடினாள். குரல் பிசகவில்லை. கூடாரம் நனைந்த சரணத்தைப் பாடி முடித்து இரண்டாம் தடவை பல்லவிக்கு வரும்போது, முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து எல்லாரையும் போல உயரத் தூக்கினாள். கட்டைவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பு மாறவில்லை. ‘ஒரு விரலும் குறையாமல்’ என்று நீ எழுதின சொல்லையே, நீ போட்ட சுரத்திலேயே பாடினாள். கைகள் இறங்கத் தொடங்கின. முன்வரிசையில் முதலில், பிறகு பின்னால், பிறகு பெண்கள் பக்கம். கீபோர்டுக்காரன் நிறுத்திவிட்டான், டிரம்ஸும் நின்றுவிட்டது, கூடப் பாடிய பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் நிறுத்தவில்லை. தூக்கின கையை இறக்காமல் மிச்சத்தையும் தனியாகப் பாடினாள். உன் பாட்டு வாத்தியம் இல்லாமலும் நின்றது வேந்தா. ‘திரும்பிப் பார்த்தீர்’ என்று பாடிவிட்டு நீ சும்மா விட்ட அந்த இடத்தை அவளும் சும்மா விட்டாள், அப்போது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதைவிட நன்றாக அந்தப் பாட்டை இனி யாரும் பாடப் போவதில்லை, நீயும் சேர்த்துத்தான்.

முடிந்ததும் ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. ஆயர் எழுந்து, இப்பொழுது காணிக்கைப் பொருள்களின் ஏலம் ஆரம்பம், முதலில் பூசணிக்காய் என்று அறிவித்தார். உடனே ஒரு பெரிய தொகையைக் கத்தினது உன் அப்பாதான். எல்லாரும் பூசணிக்காயைப் பார்க்கட்டும், மகளைப் பார்க்க வேண்டாம் என்று. அதைத் தோளில் சுமந்து வீட்டுக்கு வந்து வாசலில் வைத்துவிட்டு, ‘மானத்த வாங்கிட்டே’ என்று அவளிடம் சொன்னார். அன்றிலிருந்து அவளிடம் பேசுவதில்லை, அவள் தட்டை நகர்த்தி வைத்தால்கூட என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறார். ஆயரம்மா என்னைத் தனியாக அழைத்து, பிள்ளை மனசில் கசப்பு வேர் விட்டிருக்கிறது, கொஞ்ச நாள் பாடகர் குழுவுக்கு வராமல் ஜெபத்தில் இருக்கட்டும் என்றார்கள். நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு சம்பந்தம் வருவதாக இருந்தது. கையைப் பற்றித் தெரிந்துதான் வர இருந்தார்கள், அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சபை நடுவில் கையைத் தூக்கிக் காட்டினவள் என்று கேள்விப்பட்டு, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊனத்தைப் பொறுத்துக்கொண்டார்கள், அதை வெளியே எடுத்ததைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. சமீருல்லா மட்டும் சாமான் ஏற்றும்போது, ‘அக்கா, நான் மிக்சர்ல எதையும் கைவெக்கல. பாப்பா குரலே அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் வேலைக்கும் போகிறாள், இப்போது செக்கிங்கில் நிற்கிறாள். மெஷினில் டேப்பை எடுத்துவிட்டார்களாம், புது ஆர்டர் வந்ததும் திரும்பச் சுற்றிவிட்டார்களாம்.

யாரோ எடுத்த வீடியோ உன் கண்ணில் பட்டதும் நீ அப்பாவுக்கு அனுப்பினதை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். பாட்ட கெடுத்துட்டா, கமெண்ட்ல பூரா அந்தக் கையப் பத்தித்தான் கேக்கறாங்க என்று போட்டிருந்தாய். அண்ணன் பாட்டுதான் எனக்கு ஆறுதல் என்று அவள் ஒரு சாட்சி வீடியோ பேசி அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எழுதியிருந்தாய். அப்பா தினமும் அதற்காக என்னைத் தொந்தரவு செய்கிறார். அவள் பேச மாட்டாள், நான் பேசவும் விட மாட்டேன். அவள் உன் பாட்டைக் கெடுக்கவில்லை, ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை, நீ எழுதினதை எழுதினபடியே பாடினாள். அதைத் தாங்க முடியவில்லை என்றால் குற்றத்தைப் பாடினவளிடம் தேடாதே.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய், நம் சபையில் அதைப் பாடப் போகிறாய் என்று ஆயர் இன்று காலையில் அறிவித்தார். வா. இது உன் வீடு, வேளைக்குச் சோறு போடுவேன், கறியும் ஆக்குவேன். ஆனால் சபையில் பாடுவதற்கு முன்னால் இந்த வீட்டில், அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, அந்தப் பாட்டை முழுசாக ஒரு தடவை பாட வேண்டும். கிட்டார் வேண்டாம். பாட முடிந்தால் சபையிலும் பாடு, நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன். முடியாவிட்டால் வேறு பாட்டு எழுதிக்கொண்டு வா, உனக்குத்தான் எழுத வருகிறதே.

மழையில் நனையாதே, ராத்திரி டியூட்டி என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் காபியோடு போகாதே. ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்து இன்னும் நல்ல நல்ல பாட்டுகளைத் தரட்டும், அவற்றுக்கு வேண்டிய வார்த்தைகளை இந்த வீட்டிலிருந்து எடுக்காமல் தரட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உன் வீடியோவைப் பல தடவை பார்த்துவிட்டேன், அந்த வரி வரும்போதெல்லாம் நீ கண்ணை மூடிக்கொள்கிறாய். இங்கே மூடக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஆ. சவுரியம்மாள்