பல் பிடுங்கிய நாளில் நீங்கள் எழுதித் தந்த தாள்

நானா,

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து தேங்காய் அளவும் அடுத்தது கடுகு அளவுமாக வருகிறது. கோட்டுக்கு மேலே தொடங்கிக் கோட்டுக்குக் கீழே போய் முடிக்கிறேன். ஒரு வரியை எழுதி நிமிர்வதற்குள் வாயில் போட்ட வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. இது நான் எழுதும் முதல் கடிதம். முப்பது வருஷம் தோட்டத்து ஆபீசிலிருந்து பதுளைக்குத் தப்பால் பை சுமந்தவன் நான். பூட்டுப் போட்ட பைக்குள் எத்தனை பேருடைய கடிதங்கள் என் தோளில் போயின! எனக்கென்று ஒன்று எழுத இப்போதுதான் வாய்த்தது. அதையும் நீங்கள் வாசிக்க முடியாத காலத்தில் எழுதுகிறேன்.

இன்று காலை பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உங்களுக்குத் தெரிந்த டின்தான், மூடியில் கப்பல் படம் போட்டது. காய்ந்த மையும் பழைய ரப்பரும் இலவம் பஞ்சும் கலந்த வாசனை மேலே வந்தது. உங்கள் பேனாக்கடைக்குள் நுழைந்தது போல இருந்தது. பதினொரு பேனாக்களும் அப்படியே இருக்கின்றன. துரை வீசிவிட்டுப் போன கறுப்புப் பேனா, பெரிய கிளாக்கர் ஐயா கீழே போட்டு நிப்பை வளைத்த பச்சைப் பேனா, பக்கத்துத் தகட்டைத் தூக்கினால் மை குடிக்கும் சிவப்புப் பேனா. எல்லாவற்றுக்கும் அடியில், பஞ்சுக்குக் கீழே, நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது.

அந்தத் தாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதில் நீங்கள் எழுதியது என்னவென்று தெரியாமலே நான் உங்களிடம் “சரி” என்று சொன்னேன். எதற்குச் சரி சொன்னேன் என்ற பயம் இத்தனை வருஷமும் என்னை விடவில்லை.

உங்கள் கடை எனக்கு வழியில் இருந்தது. பசறை பஸ்ஸில் வந்து இறங்கித் தபால் கந்தோரில் பையைக் கொடுத்தால், திரும்பும் பையைக் கட்டித் தர ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் உங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்பேன். முதல் நாள் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“என்ன மொதலாளி, பாத்துப் பாத்தே பேனாவெல்லாம் தேஞ்சிரும் போல ஈக்கே.”

“விக்காம ஒதுக்கி வச்சிருக்கீங்களே அந்த நீலப் பேனா, அத ஏங்க?”

“அது மவுத்தாகிட்டு. எழுதாது.”

“சாகலங்க. உள்ளுக்க மை காஞ்சு கெடக்கு. குடுங்க, கழுவிக் கொண்டாறேன்.”

இரண்டு நாளில் அது எழுதியது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம் அது. புதுப் பேனா கிடைக்காமல் ஊரிலிருந்த பழைய பேனாக்கள் எல்லாம் உங்கள் கடைக்கு வந்தன; உங்கள் கடையிலிருந்து என் லயத்து அறைக்கு வந்தன. ஆபீசில் மைக்கூடும் பேனாவும் கழுவுவது என் வேலை, அங்கே பிடித்துக்கொண்டதுதான் எல்லாம். வெந்நீர் ஆகாது, பழைய கறுப்புப் பேனா பழுப்பாகிவிடும். பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தால் மை நூல் நூலாக இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் ஒரு நறுக்கு எடுத்து நிப்பின் பிளவுக்குள் விட்டு மெதுவாக இழுப்பேன். கூட்டைப் பற்பொடியால் துடைத்து, நன்றாக வந்த பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு நடந்தால் எனக்கு அன்று திருவிழா.

அந்தப் பேனாதான் என்னைக் கெடுத்தது. சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று யார் நினைப்பார்கள்? நீங்களும் நினைக்கவில்லை. முதல் நாளே சொல்லியிருக்கலாம். இரண்டாம் நாள் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு வருஷம் பழகிய பிறகு எப்படிச் சொல்வது?

கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு தாள்கட்டு கிடக்கும். பேனா வாங்க வருகிறவர்கள் அதில் எழுதிப் பார்ப்பார்கள். “ஒருத்தரும் வேற ஒண்டும் எழுதமாட்டாங்க சந்தனம். எல்லாரும் சொந்தப் பேரத்தான் எழுதுவாங்க” என்று சிரிப்பீர்கள். என் முறை வந்தால் நான் சுருள் சுருளாகக் கோடு இழுப்பேன், பீர்க்கங்கொடி போல. ஒரு நாள் பக்கத்துத் தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்னங்க, கையெழுத்துப் போடலியா?” என்று கேட்டார். “கையெழுத்தக் கண்ட எடத்துல போடக்கூடாதுங்க” என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு முதுகு நனைந்துவிட்டது.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாய் நிறையப் பஞ்சோடு கடை திறந்திருந்தீர்கள். கன்னம் வீங்கிப் பேச முடியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் தாள்கட்டில் எழுதி எழுதிக் காட்டினீர்கள்.

“நானா வாய மூடி இன்னைக்கித்தான் பாக்குறேன். அந்த டாக்டருக்கு ஒரு மால போடணும்” என்றார் தையல்கடைக்காரர். நீங்கள் ஏதோ எழுதித் திருப்பிக் காட்டினீர்கள். அதை வாசித்து அவர் இருமல் வரும் வரை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்தது நான் என்று தெரிந்து நின்றேன்.

நீங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து, நான் அதுவரை பார்த்திராத ஒரு பேனாவை எடுத்தீர்கள். தடித்த கறுப்புப் பேனா, மூடி ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேறொரு பேனாவால் தாள்கட்டில் மூன்று வரி எழுதினீர்கள். என் பக்கம் திருப்பி, முதல் வரியை விரலால் இரண்டு முறை தட்டினீர்கள்.

வாசிப்பது போல நடிக்க எனக்குத் தெரியும். கிளாக்கர் ஐயா செய்வதைப் பார்த்துப் பழகியிருந்தேன். தாளைக் கிட்டே கொண்டுபோய், கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணை மூன்று முறை இடமிருந்து வலமாக ஓட்டி, தலையை ஆட்டினேன்.

“சரிங்க நானா. அப்படியே செஞ்சிர்றேன்.”

நீங்கள் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தீர்கள். அந்தத் தாளைக் கிழித்து, அதிலேயே பேனாவைச் சுற்றி என் கையில் வைத்தீர்கள்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். யாரிடமாவது காட்டி வாசிக்கச் சொல்லலாம்தான். சொன்னால் அன்றே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். என்னிடம் பேனா தந்தால் நீங்கள் வேறென்ன சொல்லப்போகிறீர்கள், கழுவத்தானே சொல்வீர்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பாய் கறைபடாமல் இருக்க உங்கள் தாளையே விரித்து, அதன்மேல் பேனாவைப் பிரித்தேன். உள்ளே மை பாகு போல இறுகிக் கிடந்தது. தண்ணீரில் முக்கி எடுத்ததும் ஒரு சொட்டு தாளில் விழுந்து பரவியது. மூன்று நாள் தண்ணீர் கறுப்பாகவே ஓடியது. நான்காம் நாள் பீலியில் வருவது போலத் தெளிந்தது. ஆடிய மூடியையும் இறுக்கினேன். அவ்வளவு சுத்தமாக ஒரு பேனாவை நான் கழுவியதே இல்லை.

அதைத் திருப்பித் தந்தபோது உங்களுக்குப் பேச்சு வந்திருந்தது. மூடியைத் திருகிப் பார்த்தீர்கள். பிறகு கூட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தீர்கள்.

“கழுவினீங்களா?”

“பின்ன? பளிங்கு மாதிரி ஆக்கிட்டேன் நானா. ஒரு பொட்டு மை கெடையாது.”

“தாள வாசிச்சீங்க தானே சந்தனம்?”

“வாசிக்காமலா? அதுல சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அவ்வளவு நேரம் ஒருவர் என்னைப் பார்த்ததில்லை. பிறகு, “சரி. நல்ல வேல” என்று சொல்லி உள்ளே போனீர்கள். தொழுகைக்குப் போவது போல முகம் கழுவிக்கொண்டு வந்தீர்கள். தொழுகைக்கு நேரமாகவில்லை. புது மை ஊற்றி அந்தப் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். அதன்பின் அது இழுப்பறைக்குப் போகவே இல்லை.

அன்றிலிருந்து ஏதோ மாறியது. எனக்கு நீங்கள் எதையும் எழுதிக் காட்டவில்லை. எந்தப் பேனாவைச் சோதித்தாலும் உங்கள் பெயரை எழுதாமல், என்னைப் போலவே சுருள் கோடு இழுத்தீர்கள். ஒரு நாள் பசறைப் பக்கத்து அம்மா ஒருத்தி கடை வாசலில் என்னைப் பிடித்து, “அண்ணே, பேனா வச்சிருக்கீங்களே, இந்தக் கவர்ல வெலாசம் எழுதிக் குடுங்க” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், “அவர்ட பேனா பெரிய எடுப்புங்க, கண்ட கவர்ல எழுதாது. கொண்டாங்க, நான் எழுதித் தாரேன்” என்று வாங்கிக்கொண்டீர்கள். அந்த அம்மாவும் சிரித்தார். தப்பித்தேன் என்று மட்டும்தான் அன்று நினைத்தேன்.

ஒரு முறை துணிந்து கேட்டேன். “நானா, எம்மேல ஏதாச்சும் கோவமா?”

“ஒங்களோட எனக்கென்ன கோவம்? செல்லுங்க, இண்டைக்கி எந்தப் பேனாவக் கொண்டாந்தீங்க?”

அவ்வளவுதான். அடுத்த முறை கேட்கலாம், அடுத்த முறை கேட்கலாம் என்று வருஷம் போனது. ஒரு நாள் தப்பால் பையோடு வந்தபோது கடை பூட்டியிருந்தது. தையல்கடைக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மவுத்தானதைச் சொன்னார். ஊர்வலத்தின் கடைசியில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.

இப்போது நான் படிக்கிறேன் நானா! தோட்டத்தில் முதியோருக்கு வகுப்பு வைத்திருக்கிறார்கள், வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் புள்ளைக்காம்பராவில். குழந்தைகள் உட்காரும் குட்டி வாங்கில்களில் கிழவன் கிழவிகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இவ்வளவு பேனா வைத்திருக்கும் எனக்கு டீச்சர் கொடுத்தது பென்சில். “தாத்தா, இத்தன பேனா சேத்தீங்களே, எழுதத் தெரியாமலா?” என்று கேட்டார். “தவில் விக்கிறவனெல்லாம் தவில் வாசிக்கிறானா டீச்சர்?” என்றேன். முன்பெல்லாம் முன்பக்கம் நசுங்கிய பஸ்தான் எனக்குப் பசறை பஸ். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் நின்று ‘அப்புத்தளை’ என்று பலகையைச் சத்தமாக வாசித்தேன். கண்டக்டர் நான் ஏறப்போகிறேன் என்று நினைத்துக் கதவருகே இடம் விட்டார். சவர்க்காரத் தாள், கோயில் அறிவித்தல், தீப்பெட்டி, எதையும் விடுவதில்லை.

உங்கள் தாளை மட்டும் விட்டு வைத்திருந்தேன். போன ஞாயிறு எடுத்துப் பிரித்தேன். கரும்பலகை எழுத்துப் போல அல்லாமல் உங்கள் எழுத்து ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுகிறது. நடுவில் நான் சிந்திய மைக்கறை வேறு. விரலை வைத்து வைத்து வாசித்தேன். காலையில் தொடங்கியது, வெயில் படி ஏறியபோதுதான் முடிந்தது.

“உள்ளே கழுவ வேண்டாம். வாப்பா கடைசியாக ஊற்றிய மை இருக்கிறது. மூடியை மட்டும் இறுக்கித் தாருங்கள்.”

நான் பிழையாக வாசித்திருப்பேன் என்று மறுபடி வாசித்தேன். மூன்றாம் முறையும் அதுவேதான் இருந்தது.

மூன்று நாள் கறுப்பாக ஓடியதைப் பீலிக்குக் கீழே ஓடும் கானில் ஊற்றிவிட்டு, உங்கள் முன்னால் பெருமை பேசினேனே. ‘தாள வாசிச்சீங்க தானே’ என்று நீங்கள் கேட்ட இடத்தில் ‘இல்லை’ என்றிருந்தால் மை திரும்பியிருக்காது. ஆனால் அந்தத் துக்கத்தை நீங்கள் தனியாக உள்ளே போய்க் கழுவ வேண்டியிருந்திருக்காது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது அந்த நிமிஷமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதை நான் அறியாமல் பார்த்துக்கொள்ளத்தான் அத்தனை வருஷமும் சுருள் கோடு இழுத்தீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாளின் நடுவில் இருக்கும் கறையைக் கறை என்றே நினைத்திருந்தேன். அது அந்தப் பேனாவிலிருந்து விழுந்த முதல் சொட்டு. உங்கள் வாப்பா ஊற்றிய மை முழுக்கக் கானில் போகவில்லை நானா. ஐம்பது சதக் காசு அளவு இருக்கிறது, உங்கள் எழுத்தின் மேலேயே. அது என் டின்னில் இருக்கக்கூடாது.

கடையை இப்போது உங்கள் மகன் நடத்துகிறார். அந்தப் பேனா அவர் பையில் இருக்கிறது. இந்த வாரம் இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். மூத்த வாப்பாவின் மையைக் கழுவியவன் இவன்தானா என்று அவர் என்னைப் பார்த்தால் நான் எங்கே பார்ப்பது? ஆனாலும் வரும் ஞாயிறு போகிறேன். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் தாளைக் கொடுப்பேன். அவர் ஏசினாலும், பேசாமல் இருந்தாலும், நடந்ததை அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுவேன்.

இனி உள்ளே யார் ஊற்றிய மை என்று கேட்காமல் ஒரு பேனாவையும் தண்ணீரில் போடமாட்டேன். யார் எந்தத் தாளை நீட்டினாலும் கடைசி எழுத்துவரை வாசித்த பிறகே சரி என்கிறேன்.

கீழே இருப்பது சுருள் கோடு இல்லை நானா. என் பெயர்.

சந்தனம்