வேரில் ஒட்டிய மண்

அன்புள்ள அம்மாவுக்கு,

கோயம்புத்தூரிலிருந்து யுவஸ்ரீ வணங்கி எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. உன் கால் வீக்கம் வடிந்ததா? நம் ஊர் பேரிகையில் மழை உண்டா? போனில் கேட்கலாம்தான், உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. அப்பாவின் காரியம் முடிந்து கிளம்பும்போது, அவர் கடைசியாக விதைத்த ராகியில் ஒரு செடியைப் பிடுங்கி வந்தேனே, அதை லேபில் சோதித்தோம். பயிருக்குள்ளேயே குடியிருந்து அதற்கு நல்லது செய்கிற பாக்டீரியாக்கள் என்னென்ன வகை என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. அதற்கு முதலில் வெளியே ஒட்டிய மண்ணும் கிருமியும் துளிகூட இல்லாமல் மருந்து ஊற்றிக் கழுவ வேண்டும். கடைசியாகக் கழுவிய தண்ணீரைக் கிருமி வளர்க்கும் தட்டில் விட்டுப் பார்ப்போம். அதில் எதுவும் முளைக்கக் கூடாது. என் தட்டு முழுக்க முளைத்துவிட்டது. உள்ளே இருந்தது எது, மண்ணிலிருந்து வந்தது எது என்று பிரிக்க முடியாமல் செடி வீணாகிவிட்டது.

"ஏம்மா, கொழந்தயக் குளிப்பாட்டற மாதிரி கழுவுனா எப்படி?" என்று எங்கள் லேப் மேடம் சிரித்தார். நானும் சிரித்தேன். அது அப்பா மிதித்த மண் என்று அவரிடம் சொல்லவில்லை.

அறுக்கும்போது ஒரு செடியை மட்டும் விட்டு வை. தம்பி கோபி ஓசூருக்கு ஷிப்டு போகும்போது வேரோடு கூரியரில் போடட்டும். இந்த முறை நன்றாகக் கழுவிவிடுவேன்.

லேபுக்குப் போகிற வேன் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். செடியை அப்பாவின் துண்டில் சுற்றி அனுப்பு. துண்டைத் துவைத்துவிடாதே, அம்மா.

உன் மகள்,
யுவஸ்ரீ