சனிக்கிழமைத் தண்ணீர்

ஜனவரி 9

அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். செடிகள் நலமில்லை. பண்ணையில் மாங்கன்றுகள் இலை நுனி கருகி நிற்கின்றன. ரோஜாப் பதியன்களில் பாதி போய்விட்டன. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால், உங்கள் சாய ஆலையில் அந்த வாரம் என்ன நிறம் போட்டார்களோ அந்த நிறத்தில் ஆறு வருகிறது. இரண்டு நாளில் தெளிந்துவிடும். என் கிணற்று நுரைதான் தெளிவதில்லை.

மாதாமாதம் கழிவுநீரைச் சோதித்து 'அளவுக்குள் உள்ளது' என்று கையெழுத்துப் போடுவது நீ. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் இங்கே வரும்போது இரண்டு கேன் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தாயே, அதைப் பொறுக்க முடியவில்லை. கால் கழுவப் பின்பக்கம் போனவள், குழாயில் வந்த நுரையைப் பார்த்துவிட்டுக் கழுவாமலே செருப்போடு திரும்பி வந்தாய். உன் கையெழுத்தை நீயே நம்பவில்லையா, அக்கா?

ஜூன் வரை பார்ப்போம். சரியாகாவிட்டால் பண்ணையை மூடிவிட்டு இவருடைய தம்பி வீட்டுப் பக்கம் போய்விடுவதாக இருக்கிறோம்.

உன் தங்கை

ஜனவரி 21

அன்புள்ள வாலு,

கோபம்தான் வந்தது. பதினேழு வருடத்தில் நான் ஒரு பொய் எண் எழுதியதில்லை. மாதத்தின் முதல் திங்கள், காலை பத்து மணிக்கு வெளியேறும் குழாயில் ஒரு பாட்டில் பிடிப்பேன். வந்த எண்ணை அப்படியே எழுதுவேன். மாதத்துக்கு ஒரு மாதிரி என்பதுதான் விதி. எந்த நாள் என்று அதில் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் திங்களில் எடுத்தார், நானும் எடுக்கிறேன்.

கேன் கொண்டு வந்தது எனக்கு வயிறு சரியில்லாததால். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

பிப்ரவரி 16

வாலு,

நீ பதில் போடவில்லை. போடாததும் சரிதான். என் வயிறு நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயத் தொட்டி கழுவும் நாள். அது எனக்குத் தெரியும். திங்கள் காலை குழாயில் வருவது கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். அதுவும் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்க ஒரு பழக்கம் வேண்டும். எனக்குத் திங்கட்கிழமை இருந்தது.

நேற்று முன்தினம் சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்குப் பாட்டிலோடு போனேன். காவலாளி பதறிவிட்டார். "மேடம், நாள் மறந்துட்டீங்களா? இன்னிக்கு தொட்டி கழுவுறாங்க!"

"அதுக்குத்தான் வந்தேன்."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சேலையில பட்டா போகாது. என் பேன்ட்ட பாருங்க, எல்லா நிறமும் இருக்கு."

வந்த எண்ணை அப்படியே எழுதினேன். அனுமதித்த அளவைப்போல் பதினொரு மடங்கு. இன்று மேலாளர் கூப்பிட்டார். "ஏம்மா, உங்களுக்குத் திங்கட்கிழமை என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல சார். நான்தான் பண்ணிட்டேன்."

திங்கள் எண், சனி எண் இரண்டையும் மாசுக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். வேலை என்னாகும் என்று தெரியவில்லை. உன் அத்தானிடம் சொன்னேன். "சரி, இன்னிக்கி ராத்திரியாவது புரளாம தூங்கு" என்றார். பண்ணையை மூடிவிடாதே.

அக்கா

மே 30

வாலு,

மூன்று மாதம் என்னைக் கிடங்கில் உட்கார வைத்துச் சாய டிரம்களை எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன். இதற்கிடையில் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை வந்து அவர்களே பாட்டில் பிடித்தார்கள். இப்போது கழுவும் தண்ணீரைத் தேக்க ஒரு தொட்டி கட்டியாயிற்று. அதில் நிறுத்தி, சுத்தம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுகிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து நான் மறுபடி ஆய்வுக்கூடத்தில்.

மாதிரி எடுக்கும் நாளை இனி நான் முடிவு செய்வதில்லை. ஒரு டப்பாவில் தேதிச் சீட்டுகள் போட்டிருக்கிறேன், காவலாளி எடுப்பார். "லாட்டரி மாதிரி இருக்கு மேடம், பரிசுதான் இல்ல" என்கிறார்.

நீ ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்கா,

திட்டப் பொழுதில்லை, பண்ணையில் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. மூன்று சனிக்கிழமையாக ஆறு தண்ணீர் நிறத்திலேயே வருகிறது. இவர் கரையில் நின்றுகொண்டு, "இன்னிக்கி எதுவும் வரலியே" என்று ஏமாந்தவர்போலச் சொல்கிறார். நுரை குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. கருகிய கன்றுகள் எல்லாமே பிழைத்துவிடவில்லை. பிழைத்த நாற்பத்திரண்டில் செம்பு நிறத்தில் துளிர் விட்டிருக்கிறது. நேற்றுக் கிணற்றடித் தொட்டி ஓரத்தில் ஒரு நத்தை ஊர்ந்தது. அதைத் தொந்தரவு செய்யாமல் சுற்றிப் போய் வாளியை நிரப்பினேன். மூட்டை கட்டியதையெல்லாம் பிரித்துவிட்டோம்.

எந்தச் சனிக்கிழமை வசதியோ, அன்றைக்கு வா. குடிக்கத் தண்ணீர் நீயே கேனில் கொண்டு வா, எனக்கும் சேர்த்து. கிணறு குடிக்கிற பதத்துக்கு வர இன்னும் நாள் பிடிக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை.

செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிடு. கால் கழுவ என் தண்ணீர் ஆகும்.

உன் வாலு